தட்டில் வைத்துக் காட்ட ஒன்றும் இல்லை

மயக்க மருந்துப் படிப்பை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளா, முதலில் ஒன்றை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் கழுத்துக்குக் கீழே குறுக்காக ஒரு பச்சைத் துணியைக் கட்டுகிறார்களே, அதற்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் பெயர்தான் வாசல் போர்டில் இருக்கும். நம்மை ஊரில் ஒரு ஆளுக்கும் தெரியாது. "ஊசி போட்டுத் தூங்க வைக்கிற அம்மா" என்பார்கள். என் நாத்தனாரே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். போகட்டும். பெயர் தெரியாவிட்டாலும் வாய் இருக்கிறது. அதை எப்போது திறப்பது, யாரிடம் திறப்பது என்பதுதான் இந்த வேலையில் பாதி. அதைப் பற்றிச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை பெரும்பாலும் ராஜபாளையத்தில். அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரி எதிலும் சொந்தமாக மயக்க டாக்டர் கிடையாது. போன் வரும். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். பைக்குள் டியூப், மருந்துக் குப்பிகள், ஸ்டெதஸ்கோப், ஒரு பிஸ்கட் பாக்கெட். இப்போது விரலில் மாட்டினால் ஆக்சிஜன் கணக்குச் சொல்லுகிற கிளிப் உங்களுக்கு இருக்கிறது. எனக்கு இருந்தது என் விரல்தான். அதை நோயாளியின் காதோரத்து நாடியில் வைத்தால் ஆபரேஷன் முடிகிற வரை எடுக்க மாட்டேன்.

அந்தக் காலத்து வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் வெட்டி எடுத்ததை ஒரு தட்டில் வைத்து, தியேட்டர் கதவைப் பாதி திறந்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவோம். குடல்வால், கர்ப்பப்பை, கல், எதுவானாலும் காட்டியே ஆகவேண்டும். அவர்களும் சும்மா பார்க்க மாட்டார்கள். "ஆத்தீ, எம்புட்டுக் கல்லு!" என்று கன்னத்தில் கை வைப்பார்கள். பித்தப்பைக் கல் என்றால் ஒரு பாட்டிலில் போட்டு வாங்கிக்கொண்டு போய், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுவார்கள். காட்டாவிட்டால் வந்தது வினை. சும்மா கிழித்து மூடிவிட்டான் என்று பேச்சு கிளம்பும். எங்கள் ஊர் சர்ஜன்கள் கத்திக்குப் பயந்ததைவிட அந்தப் பேச்சுக்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள மலைக்கோயில் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டே நெளிந்தது. எப்படியோ நசுங்கி ராஜபாளையம் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர் சேத்தூர்க்காரர், பெயர் சுப்புத்தாய், நாற்பதை ஒட்டிய வயது. கண் மஞ்சள். வலது விலாவுக்குக் கீழே கை வைக்க விடவில்லை. கட்டிலே ஆடுகிற மாதிரி குளிர் நடுக்கம். பித்தப்பை நிறையக் கல் என்று மதுரையில் எப்போதோ எடுத்த ஸ்கேன் சொன்னது. பை சீழ்பிடித்துவிட்டது என்று எங்கள் சர்ஜன் சொன்னார். மறுபடி மதுரைக்கு அனுப்பினால் வழி தாங்காது என்பதில் அவருக்கும் எனக்கும் சந்தேகமே இல்லை.

இவ்வளவு முற்றுகிற வரை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். கணவர் ராணுவத்தில், எங்கேயோ வடக்கே. வீட்டில் கணவருடைய அண்ணன் வைத்ததுதான் சட்டம். காமாலைக்குப் பச்சிலை போதும், கத்தி எதற்கு என்று அவர் நாளைக் கடத்தியிருக்கிறார். வத்திராயிருப்பில் கல்யாணம் கட்டிக் கொடுத்திருந்த மகள் தாயைப் பார்க்க வந்தவள், நிலைமையைக் கண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ்காரராக இருந்த தாய்மாமனிடம் ஓடியிருக்கிறாள். அவர்தான் வாடகைக் கார் பிடித்து, தடுத்தவரைத் தள்ளிவிட்டு, அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தவர். பெயர் மாரியப்பன்.

இதில் என்ன சிக்கல் என்கிறீர்களா? இந்தப் பக்கம் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது முறை. மாரியப்பன் அந்த உரிமையில் பெண் கேட்டிருக்கிறார். தூக்கி வளர்த்த மாமனுக்கே பிள்ளையைக் கட்டிவைக்க மனம் ஒப்பவில்லை என்று சுப்புத்தாய் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். அதோடு தம்பி அக்காவிடம் பேச்சை நிறுத்திவிட்டார். கல்யாணத்துக்கும் வரவில்லை. ஊருக்கே தெரிந்த பகை. இப்போது அந்த ஆள்தான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுகிறார்.

அவர் சர்ஜன் முன்னால் விறைப்பாக நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

"சார், நீங்க பைய எடுத்து, கல்லோட தட்டுல வச்சு எங்கிட்டக் காட்டணும். அத பாட்டில்ல போட்டுக் கொண்டுபோய் சேத்தூர்ல அவிய வீட்டு நடுவுல வைக்கணும் நான். இல்லைன்னா பொண்ணு குடுக்காத ஆத்திரத்துல அக்காவ அறுக்கக் குடுத்துட்டான்னு ஊரே சொல்லும்."

"பையும் கல்லும் உங்க கைக்கு வரும். வாக்குக் குடுத்துட்டேன், போதுமா?" என்றார் சர்ஜன்.

எனக்கு அப்போதே சுருக்கென்றது. திறந்து பார்க்காத வயிற்றைப் பற்றி வாக்குக் கொடுக்கலாமா? ஆனால் அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல கை, நல்ல மனசு. ஏழைபாழைக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர். எதிரில் ஒருவன் தவித்து நிற்கும்போது ஆறுதல் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

மயக்கம் கொடுத்தேன். வயிற்றைத் திறந்தார். அதற்குப் பிறகு செத்த நேரத்துக்குத் தியேட்டரில் பேச்சே இல்லை. சர்ஜன் பேசாமல் இருந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். துணிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பித்தப்பை, ஈரல், குடல் எல்லாம் பிசைந்த மாவு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஒரு கல் பையின் கழுத்தில் இறுகச் சிக்கி, பக்கத்தில் ஓடுகிற பித்தக் குழாயை அமுக்கிக்கொண்டிருந்தது. கண் மஞ்சளானது அதனால்தான். அந்தக் கழுத்தைத் தோண்டப் போய் பித்தக் குழாயை அறுத்துவிட்டால், பிழைத்தாலும் அந்தப் பொம்பளை வாழ்க்கை முழுக்கச் சீரழிய வேண்டியதுதான்.

"சார், இன்னைக்குச் சீழை மட்டும் வடிச்சுட்டு ஒரு குழாய் வச்சு மூடிருவோமா? பை பொறவு எடுத்துக்கலாமே" என்றேன், மெதுவாகத்தான்.

"வழி கிடைச்சிரும். இருங்க."

கிடைக்கவில்லை. தொட்ட இடமெல்லாம் கசிந்தது. என் விரலுக்கடியில் நாடி நூலாகிக்கொண்டு வந்தது. பிரஷர் நூறிலிருந்து எண்பது, எண்பதிலிருந்து எழுபது. மருந்து போட்டேன், கையிருப்பில் இருந்த ஒரே பாட்டில் ரத்தத்தையும் ஓடவிட்டேன். ஏறவில்லை. நாம் கொடுக்கிற மயக்க ஆவியே பிரஷரை இறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அதை அடைத்தேன். தசையைத் தளர்த்துகிற மருந்தை நிறுத்த முடியாது, நிறுத்தினால் வயிறு இறுகிக்கொள்ளும். ஆக அந்த நேரத்தில் சுப்புத்தாய்க்கு உடம்பு அசையாது, தூக்கமோ அரைகுறை. தெரிந்துதான் செய்தேன். ஆழமான தூக்கமா உயிரா என்று வந்தால் நமக்கு வேறு வழி இல்லை. ஆனால் அதை எத்தனை நேரம் இழுக்க முடியும்?

"சார், எழுபதுக்குக் கீழ போயிருச்சு. நிறுத்துங்க."

"ஏம்மா, உங்க வேலையை நீங்க பாருங்க. என் வேலையை நான் பாக்கேன்."

"என் வேலையத்தான் சார் சொல்லுதேன். இன்னும் தோண்டினா டேபிள்லயே போயிருவாக."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபத்தை எதிர்பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வெளிய ஒருத்தன் நிக்கான்லா? கழுத்துல சிக்கின கல்லு கைக்கு வரமாட்டேங்குது. வெறும் சீழைக் காட்டி என்னன்னு சொல்லச் சொல்லுதீங்க? வாக்குக் குடுத்துட்டேனே."

அட, இதுதானா! அந்த ஒரு நிமிஷத்தில்தான் எனக்கு வெளிச்சம் வந்தது. அவருக்கு நிறுத்தத் தெரியாமல் இல்லை. என்னைவிட நன்றாகத் தெரியும். வாக்கு அவர் கையைக் கட்டிப் போட்டிருந்தது. நான் பிரஷர் எத்தனை என்று தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தக் கட்டு அவிழாது. வாக்கை வாங்கினவன் வந்து அவிழ்த்தால்தான் உண்டு.

நர்ஸைக் கூப்பிட்டேன். "சிஸ்டர், வெளிய நிக்க போலீஸ்காரருக்கு ஒரு கவுனை மாட்டி உள்ள கூட்டிட்டு வாங்க. சட்டுனு."

"டாக்டரம்மா, உள்ளயா?"

"ஆமா, உள்ளதான். ஓடுங்க."

சர்ஜன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் கவனித்தேன். அவர் கை அசையாமல் நின்றது.

மாரியப்பன் வந்தார். கவுனை முன்பின்னாக மாட்டியிருந்தார், வெறுங்கால். துணிக்கு அந்தப் பக்கம் பார்க்காதீர்கள் என்று சொல்லி அவரை என் பக்கத்தில், அக்காவின் தலைமாட்டில் நிறுத்தினேன். வாயில் டியூப், கண்ணிமையில் பிளாஸ்திரி. பார்த்ததும் ஆள் ஒரு அடி பின்வாங்கினார். எனக்கு நேரம் இல்லை. ஒரு கையால் மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே பேசினேன்.

"உங்க அக்காவுக்கு நாடி விழுந்துக்கிட்டு இருக்கு. பைய எடுக்கணும்னா இன்னும் ரொம்ப நேரமாகும், அம்புட்டு நேரம் தாங்க மாட்டாக. இப்பவே சீழை வடிச்சுக் குழாய் வச்சு மூடிட்டா பிழைக்க வழி இருக்கு. ஆனா உங்க கையில குடுக்கக் கல்லும் இருக்காது, பையும் இருக்காது. பை வேணுமா, அக்கா வேணுமா? சொல்லுங்க."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிள்ளைகளா, அந்த இடைவெளியை நான் மறக்கவே மாட்டேன். மூச்சுப் பையை அமுக்குகிறேன், விடுகிறேன், அமுக்குகிறேன். மனிதர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். இவன் என்னடா யோசிக்கிறான், பழைய பகையை நினைக்கிறானா என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"கல்லு இல்லைன்னா அவிய ஆளுக என்னையத்தான் கொலகாரன்னு சொல்லுவாக டாக்டரம்மா" என்றார்.  "வேணும்னே அறுக்க விட்டுட்டான்னு அவிய அண்ணன் போற எடமெல்லாம் பேசுவான். பட்டாளத்துல இருக்க மச்சானுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அதுக்கு எங்கிட்டப் பதில் இல்ல. எனக்கு இப்ப உங்க பதில் வேணும்."

சட்டென்று குனிந்தார். அக்காவின் காதுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "யக்கா... ஏய் யக்கா..." என்று சின்னப் பிள்ளை மாதிரி கூப்பிட்டார். பிறகு நிமிர்ந்து, பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் நின்ற சர்ஜனைப் பார்த்துச் சொன்னார்: "சார், பை எக்கேடும் கெட்டுப் போகட்டும். எம்மேல பழி வந்தா வந்துட்டுப் போகுது. எங்க அக்காவக் குடுத்துருங்க."

சர்ஜன் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. "சக்ஷன் குடுங்க சிஸ்டர்" என்றார். அதற்கப்புறம் அந்தக் கை பழைய கையாகிவிட்டது. பையின் அடியில் சின்னதாகத் திறந்து சீழை உறிஞ்சி எடுத்தார், ஒரு குழாயை உள்ளே வைத்துக் கட்டினார், மூடினார். வயிற்றை மூடி முடிக்கும்போது என் விரலுக்கடியில் நாடி கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. கடவுளே என்று இருந்தது.

கை கழுவும்போது என்னிடம் சொன்னார்: "இனிமே யாரையும் உள்ள கூட்டிட்டு வரதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

"கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களா சார்?"

 அவர் எனக்கும் சேர்த்துக் காப்பி சொன்னார். ஆண்களுக்கு அதுதான் மன்னிப்புக் கேட்கிற பாஷை.

காய்ச்சல் இறங்கியது. மஞ்சள் வெளுக்கத் தொடங்கியது. பை பின்னால் வேறொரு நாள் சுலபமாகவே எடுக்கப்பட்டது, அது இந்தக் கதையில் வராது. சேத்தூரிலிருந்து கணவரின் அண்ணன் ஆட்களோடு வந்தாரே, அன்றைக்கு நடந்ததுதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. நான் வேறொரு கேஸுக்கு வந்தவள், சுப்புத்தாயைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வார்டுக்குள் நுழைகிறேன், சத்தம் வெளியே வரை கேட்கிறது.

"பை எங்க? கல்லு எங்க? ஒண்ணத்தையும் காணோம்! வயித்தக் கிழிச்சுக் குழாய மாட்டி விட்டிருக்கான். பொண்ணு குடுக்கலைன்னு வாசப்படி மிதிக்காத பய, கையெழுத்துப் போட மட்டும் ஓடியாந்தானாக்கும்?"

மாரியப்பன் சுவரோரம் நின்றார். ஆபரேஷன் முடிந்த மூன்று நாளும் அவர் வீட்டுக்குப் போகவில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். யூனிபாரம் போட்டிருந்தால் ஊரையே அதட்டுகிற ஆள், இப்போது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். என் பேச்சை யார் கேட்கிறார்கள்? "நீங்க எல்லாரும் ஒரே கூட்டு" என்று என்னையும் சேர்த்து வைத்தார் அந்தப் பெரிய மனிதர்.

அப்போது கட்டிலிலிருந்து சுப்புத்தாய் பேசினார். டியூப் போட்டிருந்த தொண்டை, கரகரவென்று வந்தது.

"அத்தான், அவன ஏசாதீக. இந்த டாக்டரம்மா அவன உள்ள கூப்பிட்டு, பை வேணுமா அக்கா வேணுமான்னு கேட்டாக. கல்லு இல்லைன்னா நீங்க அவனக் கொலகாரன்னு சொல்லுவீகன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பை எக்கேடும் கெட்டுப் போகட்டும், எங்க அக்காவக் குடுத்துருங்கன்னு சொன்னான்."

"இதெல்லாம் ஒனக்கு யாரு சொன்னது? அவனே வந்து ஓதுனானோ?"

"யாரு சொல்லணும்? நான் கேட்டுக்கிட்டுத்தான கெடந்தேன். கண்ணத் தொறக்க முடியல, வெரல அசைக்க முடியல. காது மட்டும் கேட்டுச்சு."

 மாரியப்பன் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அத்தான்காரர் தொண்டையைச் செருமினார், ஆட்களைப் பார்த்தார், வெளியே போனார். எல்லோர் கண்ணும் தம்பி மேல் இருந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  வயிறு திறந்து கிடக்க, அந்தப் பெண் விழித்திருந்திருக்கிறாள். அவள் காதுக்கு மேலே நின்று அவள் உயிரை வைத்து ஏலம் விடுகிற மாதிரி பேசியிருக்கிறேன்.

அன்றைக்கு ஆவியை அடைத்தது சரிதான். நாளைக்கு அதே நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன், நீங்களும் செய்யுங்கள். ஆனால் செய்யும்போது அங்கே ஒரு மனுஷி இருக்கிறாள் என்பதை மறக்காதீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், இமை ஒட்டிக் கிடக்கிற ஒவ்வொரு முகத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்னது நடக்கிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தியேட்டரில் இளவட்டங்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கூட்டம் கலைந்த பிறகு சுப்புத்தாய் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வலிச்சுச்சாம்மா?"

"வலிச்சுச்சு டாக்டரம்மா. பொய் சொல்லுவானேன்? செத்துருவோம்னே நெனச்சேன்." தம்பி உட்கார்ந்திருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஆனா நீங்க அவங்கிட்டக் கேட்டீகள்ல, பொறவு அவன் வாயே தொறக்காம நின்னான்ல, அந்தச் செத்த நேரம் வலியே தெரியல. அவன் என்ன சொல்லப் போறானோன்னுதான் கெடந்தேன்."